முப்பத்தைந்தாம் வாய்ப்பாடு

35, 17, 11, 8, 5. கேசினோவில் டீலர் வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு வைக்கப்படும் கணக்குத் தேர்வின் பெரும்பகுதி இந்த ஐந்து எண்களின் வாய்ப்பாட்டுக்குள் அடங்கிவிடும். இயற்கணிதம் இல்லை, முக்கோணவியல் இல்லை, கூட்டுவட்டிகூட இல்லை. 35ஐ 7 ஆல் பெருக்கு, 17ஐ 13 ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டு, 466 என்று சொல். கால்குலேட்டர் கிடையாது, யோசிக்கச் சில விநாடிகளுக்கு மேல் கிடையாது. பொறியியல் படித்து, நான்கு செமஸ்டர் கணிதத்தில் தேறி வந்த இளைஞர்கூட இந்த இடத்தில் திணறுகிறார் என்றால் அது அறிவுக் குறைவு ஆகாது. ஒரு குறிப்பிட்ட பழக்கம் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் நம் ஊர்த் திண்ணைகளில் ஒரு காலத்தில் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது என்பதும், சில வாரங்களில் அதை மீட்டுவிடலாம் என்பதும் நான் இங்கே நிறுவ முயலும் கருத்து. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை வைத்தே அதைப் பார்க்கலாம்.

இந்த இரு மாவட்டங்களுக்கும் கேசினோவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது நியாயம். தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் அதற்கு இடம் தராது. இந்தியாவில் கோவா தன் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை 1992இலும் 1996இலும் திருத்தி, நட்சத்திர விடுதிகளுக்கும் கப்பல்களுக்கும் வழி திறந்தது. சிக்கிம் 2002இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது. அதற்கு அப்பால் பயணக் கப்பல்கள், கொழும்பு, காத்மாண்டு, சிங்கப்பூர், மலேசியாவின் கெந்திங் மலை. பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த மாவட்டம். அரியலூர் 2007இல் நிலையாகத் தனித்தது. ஒன்றில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும், மற்றதில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் முந்திரியும். வானம் பார்த்த நிலம் அதிகம். எனவே வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போவது இங்கே புதிதல்ல. கட்டுமான வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் போன தலைமுறைக்குப் பின்னால் பட்டம் படித்த தலைமுறை வருகிறது. அது விடுதி, கப்பல், விருந்தோம்பல் துறை வேலைகளைத் தேடுகிறபோது, டீலர் வேலையும் அந்தப் பட்டியலில் கண்ணில் படுகிறது.

தேர்வு எதைக் கேட்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஒரே எண்ணில் வைத்த சில்லு வென்றால் 35 மடங்கு. இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் வைத்தால் 17. மூன்று எண்கள் கொண்ட வரிசைக்கு 11. நான்கு எண்கள் சேரும் மூலைக்கு 8. ஆறு எண்களுக்கு 5. மனப்பாடம் செய்யச் சொன்னால் இவை ஐந்து தொடர்பற்ற எண்களாகத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள்: 36, 18, 12, 9, 6. எல்லாம் முப்பத்தாறை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறால் வகுத்த ஈவுகள். சக்கரத்தில் 36 எண்களே இருப்பதாகப் பாவித்துப் பணம் கொடுக்கிறார்கள், இருப்பதோ 37. அந்த ஒரு பூஜ்யம்தான் கேசினோவின் வருமானம். இந்த அமைப்பு ஒருமுறை புரிந்துவிட்டால் ஐந்து எண்களும் பிறகு மறக்காது.

மேசையில் கணக்கு இப்படித் தனித்தனியாக வருவதில்லை, குவியலாக வரும். நடு வரிசையிலுள்ள ஓர் எண்ணின் மேல் ஒரு சில்லு, அதன் நான்கு பக்கக் கோடுகளில் நான்கு, நான்கு மூலைகளில் நான்கு என ஒன்பது சில்லுகள் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்வோம். அந்த எண் விழுந்தால் 35, நான்கு பதினேழுக்கு 68, நான்கு எட்டுக்கு 32, ஆக 135. அனுபவமுள்ள டீலர் இதைக் கூட்டுவதே இல்லை. அந்த வடிவத்தைப் பார்த்ததும் 135 என்று அவர் வாயில் வரும். அடுத்த கட்டம் மதிப்பு மாற்றம். சில்லு ஒன்று 250 ரூபாய் என்றால், 171 சில்லுகள் எவ்வளவு? ஆயிரத்தால் பெருக்கி நான்கால் வகுத்து 42,750 என்று சொல்ல வேண்டும். அதை எந்தெந்த நிறச் சில்லுகளாகத் தருவது என்பதையும் அதே மூச்சில் முடிவு செய்ய வேண்டும். பிளாக்ஜாக்கில் ஒன்றரை மடங்கு: 175க்கு 262.50. பாக்கரட்டில் பேங்கர் பக்கம் வென்றால் 5 சதவீதம் கழிவு: 3,500க்கு 175 போக 3,325. கோவா மேசைகளில் ஆடப்படும் அந்தர் பாகர் நம் திருவிழாக் கூட்டங்களில் ஓரமாக ஆடிய மங்காத்தாதான், உள்ளே வெளியே. அதிலும் ஒரு பக்கத்துக்குச் சமப் பணம், மறுபக்கத்துக்குப் பத்தில் ஒன்பது என்று தருவது பரவலான வழக்கம்.

இருபதில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு, ஒன்றரை மடங்கு ஆகிய இவையெல்லாம் தமிழ் எண்சுவடிக்குப் பழகிய சரக்கு. இருபதில் ஒன்றுக்கு அங்கே 'மா' என்று பெயர். பாக்கரட்டின் ஐந்து சதவீதக் கழிவு துல்லியமாக ஒரு மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. ஜெயங்கொண்டம், செந்துறை பக்கத்தில் முந்திரி என்றால் இன்று தோப்பும் கொட்டையும்தான் நினைவுக்கு வரும்; அதே மண்ணில் சோழர் காலத்து நிலக்கணக்கு அந்தச் சொல்லைப் பின்னத்துக்கு வைத்திருந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் முழு எண்களுக்கு மட்டுமல்ல, இந்தப் பின்னங்களுக்கும் வாய்ப்பாடு ஓதினார்கள். நெல்லளவுக்கு நெல்லிலக்கம், பொன்னளவுக்குப் பொன்னிலக்கம், நிலப்பரப்புக்குக் குழிமாற்று. தமிழகத்தின் கணிதப் பழக்கங்களை ஆராய்ந்த செந்தில் பாபு, நினைவு இங்கே அறிவைச் சேமித்துவைக்கும் கிடங்காக மட்டும் இருக்கவில்லை, கணக்குச் செய்யும் கருவியாகவே இருந்தது என்பதைத் தம் நூலில் விரிவாகக் காட்டுகிறார். கர்ணமும் வெட்டியானும் தச்சரும் அளந்தது, பங்கிட்டது, கணக்குச் சொன்னது எல்லாம் இந்த நினைவின் துணையோடு. அந்தப் பள்ளிகள் சாதியால் வடிகட்டப்பட்டவை என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. திண்ணையைப் போற்றிப் பாடுவது என் வேலையல்ல. பயிற்சி முறை ஒன்று இருந்தது, அது டீலர் தேர்வு கேட்பதற்கு மிக அருகில் இருந்தது என்பதே இங்கு பொருட்டு.

அந்தப் பயிற்சி எவ்வளவு தூரம் கைநழுவிவிட்டது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு 2023இல் 14 முதல் 18 வயது வரையிலான இளையோரை மட்டும் எடுத்துக்கொண்டது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்கள், 34,745 பேர். தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற மாவட்டம் பெரம்பலூர். மொத்தத் தொகுப்பில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவீதம் மட்டுமே. ஆனால் ஆய்வில் இடம்பெற்றவர்களில் 86.8 சதவீதம் பேர் ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தில் பதிவாகியிருந்தார்கள். பள்ளியில் இருக்கிறார்கள், வகுத்தல் வரவில்லை. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளில் இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. ஆனால் இன்று இருபது வயதைத் தாண்டி வேலை தேடுகிறவருக்கு அந்தத் திட்டம் பிந்தி வந்த மழை.

அந்த 43.3 சதவீதத்தைப் பார்த்து, நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டுவது அவசரம். பிரேசிலின் ரெசீபே நகரில் தெருவில் பண்டம் விற்ற ஐந்து சிறுவர்களை வைத்து கராகேர் இணையரும் ஷ்லீமானும் செய்த ஆய்வு 1985இல் வெளியானது. விற்பனையின் போது வாய்க்கணக்கில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன அதே சிறுவர்கள், அதே கணக்கைத் தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள். ஐந்து பேரை வைத்து என்ன முடிவு என்று அப்போது கேட்டிருக்கலாம். 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் 1,400க்கும் மேற்பட்ட உழைக்கும் சிறுவர்களை ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. சந்தைப் பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. ஓரிடத்தில் பழகிய கணக்கு இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து போவதில்லை. செட்டிக்குளத்தில் வெங்காய மூட்டைக்கு எடை பிடித்து, கழிவு போட்டு, கூலி கழித்து நொடியில் தொகை சொல்லுகிறவர் வேலைத் தேர்வுத் தாளைக் கண்டதும் பேனாவைக் கடிப்பதற்கு இதுதான் காரணம். தேர்வு எந்த வடிவத்தில் வருமோ அந்த வடிவத்திலேயே பழக வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்.

இங்கேதான் கோச்சிங் சென்டர்களின் உதவி பாதியில் நின்றுவிடுகிறது. இரு மாவட்டங்களிலும் கணக்குத் தேர்வு என்றால் பெரும்பாலோருக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 4தான். மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள், அவற்றில் 25 திறனறிவுக் கணக்கு; கேள்விக்குச் சராசரி 54 விநாடி. வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் 20 நிமிடத்தில் 35 கணக்கு, ஒன்றுக்கு 34 விநாடி. வேகப் பயிற்சி இரண்டிலும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டிலும் விடைகள் கண்ணெதிரே கிடக்கின்றன. கடைசி இலக்கத்தைப் பார்த்து இரண்டைத் தள்ளலாம், மீதியிலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்க்கலாம், ஒன்றும் வராவிட்டால், குரூப் 4இல் ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு நகரலாம். பயிற்சி மையங்கள் சொல்லித் தரும் சாமர்த்தியத்தில் பெரும்பங்கு இந்த நீக்கும் வித்தை. டீலர் தேர்வில் நீக்குவதற்கு எதுவும் இல்லை. விடை வெறுமையிலிருந்து வர வேண்டும். ஆகவே குரூப் 4க்கு இரண்டு வருடம் படித்தவர் இதற்கும் தயார் என்று நினைத்துப் போனால் ஏமாறுவார்.

எப்படித் தயாராவது என்பதில் ஆய்வுகளும் பழைய திண்ணையும் பெரிதாக முரண்படவில்லை. எபிங்ஹாஸ் 1885இலேயே காட்டியது போல, ஒரே நாளில் குவித்துப் படிப்பதைவிட நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பது நினைவில் நிற்கும். ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டியபடி, திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்தும் அதிகம் வைத்திருந்தார்கள். ஓதுவது என்பதே அதுதானே. ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். வாய்ப்பாட்டை வரிசையாக மட்டும் ஓதினால் பதினேழு ஒன்பது என்ன என்று கேட்டதும் பதினேழு ஒன்றிலிருந்து ஏறி வர வேண்டியிருக்கும். சீட்டில் எழுதிக் கலைத்துப்போட்டு எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் வாரம் 35உம் 17உம் போதும். முப்பத்தைந்து தடுமாறினால் எழுபதில் பாதி என்று பிடித்துக்கொள்ளலாம்: 35 முறை 14 என்பது 70 முறை 7, அதாவது 490. பதினேழை முப்பத்துநான்கில் பாதியாகப் பார்க்கலாம். எட்டுக்கு மூன்று முறை இரட்டிப்பு. பிறகு கூட்டுக் கணக்கு: ஓர் எண்ணில் 3, கோட்டில் 2, மூலையில் 4 என்றால் 105, 34, 32, ஆக 171. பிறகு அதை ரூபாயாக்குவது. கடைசியில் கையில் சில்லோடு செய்வது, ஏனென்றால் கணக்கும் கையும் தனித்தனியாகப் பழகினால் மேசையில் ஒன்றையொன்று தடுக்கிவிடும். மேசையில் 20 சில்லு ஓர் அடுக்கு. வீட்டிலுள்ள கேரம் காய்களை எடுத்தால் 19தான் தேறும், அதைச் சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பதற்றம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சியன் பைலாக்கும் அவர் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தத்தின் கீழ் கணக்கில் சறுக்கியவர்கள், அதே கணக்குகளைப் பலமுறை பயின்று விடை நினைவிலிருந்தே வரும் நிலையை அடைந்த பிறகு சறுக்கவில்லை. மனத்தில் வைத்துக்கொண்டு படிப்படியாகச் செய்யும் கணக்கைத்தான் பதற்றம் கலைக்கிறது; நாக்கின் நுனியில் இருக்கும் விடையை அது தொடுவதில்லை. எதிரே ஆங்கிலத்தில் பேசும் தேர்வாளர், மேலே கேமரா, பக்கத்தில் வேகமாக எழுதும் போட்டியாளர் என்ற சூழ்நிலையில் முதல்முறையாக உட்காரும் கிராமத்துப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு பெரிது. எண்களை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவதும் இதில் சேரும். தமிழில் பெருக்கி ஆங்கிலத்தில் சொல்லுகிறவர் ஒரு விநாடியை மொழிக்கே செலவழிக்கிறார்.

மனப்பாடம் சிந்தனையைக் கொல்லும் என்பது இதற்கு எழும் முதல் மறுப்பு. நம் கல்விமுறை மனப்பாடத்தால் பட்ட பாட்டைப் பார்த்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் கொன்றது பொருளறியாத மனப்பாடம். முப்பத்தாறின் ஈவுகளைப் புரிந்துகொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டை ஓதுகிறவரிடம் சிந்தனை இரண்டு மடங்கு வேலை செய்கிறது: வடிவத்தைப் பார்க்கிறது, பிழையையும் பிடிக்கிறது. நான்கு பதினேழு 78 என்று வாய் தவறினால் முப்பத்துநான்கின் இரட்டை அப்படி வராதே என்று உள்ளே மணியடிக்கும். இரண்டாவது மறுப்பு இயந்திரத்தைப் பற்றியது. மின்னணு ரூலட் மேசைகள் வந்துவிட்டன, சில்லுக்குள் சிப் பதித்து எண்ணுகிறார்கள், இனி மனக்கணக்கு எதற்கு? இதில் உண்மை உண்டு. இருபது ஆண்டுகள் கழித்து இந்தத் தேர்வு இதே வடிவில் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் மனிதர் பணம் கொடுக்கும் மேசை இருக்கும் வரை, ஆட்டக்காரர் கண்ணெதிரே தொகையைச் சொல்லி எண்ணி வைக்கும் வேலையும் இருக்கும்.

கனமான மறுப்பு மூன்றாவது. திருக்குறளில் சூதுக்குத் தனி அதிகாரம் வைத்த மொழி இது. 2003இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்த மாநிலம் இது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு 2022இல் தனிச்சட்டம் இயற்றிய மாநிலம். அதே ஆண்டு ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பலுக்குப் புதுச்சேரி அனுமதி மறுத்தபோது, அதற்குள் இருந்த கேசினோதான் பேச்சாக இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் டீலர் வேலைக்குத் தயாரிப்பா? இந்த வேலையை நான் சிபாரிசு செய்யவில்லை. ஒருவர் குடும்பமும் மனசாட்சியும் கூடாது என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் தயாரிப்பே சூதுக்கு இழுக்கும் என்ற அச்சத்தை ஏற்க முடியவில்லை. ரூலட்டின் 37 எண்களிலும் நூறு நூறு ரூபாய் வைத்தால் 3,700 செலவு. எந்த எண் விழுந்தாலும் திரும்பக் கிடைப்பது 3,600. இதைத் தன் கையால் நூறு முறை கணக்கிட்ட இளைஞர், பொழுதுபோகாமல் கைபேசியில் சுற்றிப் பார்க்கும் இன்னோர் இளைஞரைவிடச் சூதிலிருந்து தள்ளியே நிற்பார். வேலையின் உறுதிதான் எனக்குக் கவலை தருகிறது. கேசினோ சில்லுகளின் முழு மதிப்புக்கும் 2023 அக்டோபரில் 28 சதவீதமாக விதிக்கப்பட்ட ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 40 ஆனது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இயற்றிய மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆகவே இந்தியாவுக்குள் 'ஆன்லைன் கேசினோ டீலர்' என்று வரும் விளம்பரத்தைத் தொடவே வேண்டாம். மக்காவில் வேலை வாங்கித் தருகிறேன் என்பவரிடமும் பேச வேண்டியதில்லை. அங்கே டீலர் பணி உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்.

ஏஜென்ட்டிடம் போடவேண்டிய கணக்கு இன்னும் எளிது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பப் பதிவுபெற்ற முகவர், சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கலாம், மொத்தம் 35,400. கப்பல் வேலை என்றால் ஆர்பிஎஸ்எல் எனும் கடலோடி ஆள்சேர்ப்பு உரிமம் பெற்ற நிறுவனம் ஆள் சேர்த்ததற்காகக் கடலோடியிடம் கட்டணமே வாங்கக் கூடாது. சிடிசி எனும் கடலோடி அடையாள ஆவணம், பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு வேறு. லட்சத்தில் கேட்கிறவர் இந்த இரண்டு கணக்கிலும் அடங்கமாட்டார். 2022இல் மியான்மரின் மியாவாடியில் சிக்கி மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்கள். லாவோசில் ஒரு கேசினோவைச் சுற்றி எழுந்த பொன் முக்கோணப் பொருளாதார மண்டலத்திலும் இந்தியர்கள் அப்படியே மாட்டினார்கள். அது பற்றி இந்திய அரசு விடுத்த எச்சரிக்கை, ஆள் பிடிக்கும் விதத்தை விவரித்திருந்தது: எளிய நேர்காணல் ஒன்று, தட்டச்சுச் சோதனை ஒன்று, பிறகு பெரிய சம்பளம், விமானச் சீட்டு, விசா எல்லாம் அவர்கள் பொறுப்பு. டீலர் வேலை என்று அழைத்துவிட்டு, முப்பத்தைந்தாம் வாய்ப்பாட்டை ஒருமுறைகூடக் கேட்காமல் பாஸ்போர்ட்டை மட்டும் கேட்கிறவர், விண்ணப்பித்தவரை எந்த மேசையிலும் நிறுத்தப் போவதில்லை.